பதில்: பேசிங்குக்கு 'வேகம்' வேண்டாம்

அன்பின் நண்பர்களுக்கு,

படத்தில் ஷாட்டுகள் (ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஓடும் துண்டுகள்) நீண்டும் குறுகியும் வரும் ஓட்டத்தை ஆங்கிலத்தில் பேசிங் (pacing) என்பார்கள். அதற்குத் தமிழில் 'காட்சி வேகம்' என்று வைக்கலாம் எனச் சென்னையிலிருந்து அக்கா எழுதியிருந்தார். கொழும்பில் எங்களுக்கு அது சரிவராது. எங்கள் பள்ளிப் புத்தகங்களில் ஸ்பீட் என்றால் கதி, வெலாசிட்டிதான் வேகம். தமிழ்நாட்டில் ஸ்பீடே வேகம், மற்றது திசைவேகம். அதைவிடப் பெரிய குறை, பேசிங் என்பது வேகமே இல்லை.

நாங்கள் செய்வதைச் சொன்னால் விளங்கும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மாடியில் நாலு பேர் சேர்ந்து தொலைக்காட்சித் தொடர்களின் அத்தியாயங்களை ஷாட் ஷாட்டாக அளக்கிறோம். செக்கனுக்கு 25 சட்டகம் (பிரேம்), ஆகவே 22 நிமிட அத்தியாயத்தில் 33,000. அடுத்தடுத்த இரண்டு சட்டகங்களின் நிறப் பரவலை நிரல் ஒப்பிடும், வித்தியாசம் திடீரென்று எகிறினால் அங்கே ஒரு வெட்டு. (மின்னல் அடித்தாலும், கலியாண வீட்டுக் காட்சியில் கமெரா பிளாஷ் அடித்தாலும் நிரல் ஏமாந்துவிடும், அதையெல்லாம் கண்ணால் பார்த்துத் திருத்துகிறோம்.) பிறகு ஒவ்வொரு ஷாட்டும் ஒரு பட்டை: அது ஓடும் நேரத்துக்கேற்ற அகலம், அதன் சராசரி நிறம். முகமும் கதையும் போய்விடும், நீட்டலும் குறுக்கலும் மட்டும் மிஞ்சும்.

இரண்டு அத்தியாயங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எல்லா ஷாட்டும் 5 செக்கன், மற்றதில் 1 செக்கனும் 9 செக்கனும் மாறி மாறி. சராசரி இரண்டுக்கும் 5 தான். வேகம் என்று பெயர் வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும், ஆனால் சுவரில் மாட்டினால் ஒன்று கிராதி மாதிரி ஒரே சீராக நிற்கும், மற்றது மூச்சு வாங்கும்.

இந்தக் கணக்கு தொல்காப்பியச் செய்யுளியலில் இருக்கிறது. அங்கே வண்ணம், அதாவது பாட்டின் சந்தம், 20 வகை. குற்றெழுத்து மிகுந்து வந்தால் குறுஞ்சீர் வண்ணம், நெட்டெழுத்து மிகுந்து வந்தால் நெடுஞ்சீர் வண்ணம், இரண்டும் கலந்து வந்தால் சித்திர வண்ணம். எழுத்து இருக்கும் இடத்தில் ஷாட்டை வைத்துப் பாருங்கள்! அன்றிரவே பழைய பட்டைகளையெல்லாம் எடுத்து இந்த மூன்று பெயரில் பிரித்தேன், அநேகமாக எல்லாமே அடங்கின.

அப்போ பேசிங்கையே வண்ணம் என்றால் என்ன? எனக்கும் ஆசைதான். ஆனால் நிறமும் எங்கள் தரவு, 'வண்ணம் மாறுகிறது' என்று எழுதினால் எது மாறுகிறது என்று கேட்பார்கள். அதனால் பேசிங்குக்குக் காட்சிநடை. மிருதங்கக்காரர் திஸ்ர நடை, கண்ட நடை என்று சொல்லும் அதே நடை. அதிலிருந்து பிறக்கும் ஓவியத்துக்கு நடைவண்ணம். நிறம், சந்தம் இரண்டு பொருளும் அங்கே மட்டும் சேர்ந்திருக்கட்டும். துரத்தல் காட்சியில் ஷாட்டுகள் போகப் போகக் குறுகுவதற்கு ஆர்முடுகல், அக்சிலரேஷனுக்கு எங்கள் பௌதிகப் புத்தகச் சொல். முடுக்கம் என்று பழகியவர்கள் அப்படியே எழுதலாம், வேர் ஒன்றுதான்.

ஷாட்டுக்கு 'எடுப்பு' வேண்டாம், ஒரே ஷாட்டை ஏழு தடவை எடுப்பார்கள், எதைச் சொல்கிறோம் என்று தெரியாது. ஷாட் ஷாட்டாகவே இருக்கட்டும்.

ஒரு படம் மெல்லக் கரைந்து அடுத்ததாக மாறுகிறதே, அதற்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. 'கரைவெட்டு' எனக்கு ஒட்டவில்லை, அங்கே வெட்டே இல்லையே. ஓவியங்களின் பெயரட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன, அதற்குள் யாராவது ஒன்று தாருங்கள்.