எஃப்-250: பிறேக் பிடிச்சா முன்பக்கம் உதறுது, பாரத்தோட நிக்குதும் இல்லை

மண்வெட்டி_ஸ்காபரோ:
வணக்கம், ட்ரக் வேலை தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ. என்னட்ட இருக்கிறது 2006 ஃபோர்ட் எஃப்-250 பிக்கப், 6.0 லீற்றர் டீசல், ஃபோர் வீல், 2 லட்சத்து 80 ஆயிரம் கிலோமீற்றர் தாண்டிட்டுது. லாண்ட்ஸ்கேப்பிங் வேலைக்கு ட்ரெய்லர்ல பொப்கற் (மண் அள்ளுற சின்ன மெசின்) ஏத்தி இழுக்கிறனான். 90, 100ல போய் பிறேக்கில கால் வைச்சா ஸ்டியரிங் உதறுது, பெடலும் காலுக்கை துடிக்குது, பாரம் இருந்தா எழும்பி நிண்டு மிதிச்சாத்தான் நிக்கும். போன இலையுதிர்காலம் ஒரு கராஜில முன் ரோட்டர் (பிறேக் தட்டு), பாட் (தட்டை அமத்துற கட்டை) எல்லாம் புதுசு போட்டாங்கள், கொஞ்ச நாள் நல்லா இருந்தது, பனி முடியேக்க திரும்ப அதே உதறல். இப்ப அதே கராஜ் இன்னொருக்கா ரோட்டர் மாத்துவம் எண்டுது. இதைவிட இன்னொண்டு, 401 ஹைவேயில பாலத்தின்ர இணைப்பில ஏறி இறங்கேக்க, நான் பிறேக்கில காலே வைக்கேல்லை, திடீரெண்டு முன்பக்கம் இடம் வலமா அடிக்கத் தொடங்கி 60க்கு கீழ குறைச்சாப் பிறகுதான் நிண்டது. பக்கத்தில இருந்த மச்சான் இனி என்ர ட்ரக்கில ஏறமாட்டானாம். எல்லாம் ஒரே பிரச்சினையோ?

ஹூஸ்டன்_டீசல்:
ஒரே பிரச்சினை இல்லண்ணா, ரெண்டு மூணு சேர்ந்து நிக்குது. எல்லாத்தையும் ரோட்டர் தலையில கட்டினா காசுதான் போகும். பிரேக் பிடிச்சா மட்டும் ஆடுதா, மேடு பள்ளத்துல ஏறினா ஆடுதா, சும்மா ஒரே ஸ்பீடுல போறப்பவும் ஆடுதா, இத முதல்ல பிரிச்சுக்கங்க. மூணாவதுன்னா டயர், பேலன்ஸ் பக்கம் போகணும், உங்களுக்கு அது இருக்கிற மாதிரி தெரியல.

ரோட்டர் சமாச்சாரம் பாருங்க. புதுசு போட்டு சில மாசம் கழிச்சு உதறுதுன்னா பெரும்பாலும் ரோட்டர் "வளைஞ்சு" போகல, ஹப்புல (ரோட்டரும் வீலும் மாட்டுற நடுப்பகுதி) உட்கார்றப்பவே கோணலா உட்கார்ந்திருக்கு. உங்க ஊர்ல ரோட்டுல உப்பு போடுறாங்க, ஹப் முகத்துல துரு செதில் செதிலா ஏறியிருக்கும், அத சுரண்டாம மேலயே ரோட்டர மாட்டிட்டா ஒரு சுத்துக்கு ஒரு தடவ அந்த மேடான இடம் பேட்ல லேசா உரசும், நீங்க பிரேக் பிடிக்காதப்ப கூட. அப்படியே உரசி உரசி ஒரு இடத்துல மட்டும் தடிப்பு குறையும், அப்பதான் பெடல் துடிக்க ஆரம்பிக்கும். முதல் நாள்ல தெரியாது, அதான் கராஜ்காரங்க டெஸ்ட் டிரைவ்ல எல்லாம் ஓகேன்னு குடுத்துடுவாங்க.

வீலக் கழட்டி, காலிப்பர் (பேட அமுக்குற பிடி), ரோட்டர் எடுத்துட்டு ஹப் முகத்த வயர் பிரஷ் போட்டு வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேய்ங்க, ஸ்டட் (வீல் நட்டு ஏறுற போல்ட்) அடியில சுத்தி நல்லா பாருங்க, அங்கதான் துரு ஒளிஞ்சு கிடக்கும். ரோட்டரோட உள் முகத்தையும் தொடைச்சு மாட்டி, 8 நட்டும் வாஷர் வச்சு இறுக்கி, டயல் கேஜ் (சின்ன ஆட்டத்தையும் முள்ளால காட்டுற அளவுக் கருவி) வச்சு ஒரு சுத்து சுத்துங்க. முள்ளு ஒரு இன்ச்ல ஆயிரத்துல 2, 3 பங்குக்கு மேல ஆடினா சரியில்ல, ரோட்டர ஒரு ஸ்டட் தள்ளி மாட்டிப் பாருங்க, பல தடவ அதுலயே குறைஞ்சிடும். ஹப் முகமே ஆடுதுன்னா பேரிங் போயிருக்கு. கடைசில வீல் நட்ட இம்பேக்ட் கன்னால அடிச்சு விடாம டார்க் ரெஞ்ச்ல நட்சத்திர வரிசைல 165 அடி-பவுண்டுக்கு இறுக்குங்க, மேனுவலயும் ஒருக்க பார்த்துக்கங்க.

பனிமலை_கல்கரி:
தம்பி ஹூஸ்டன் சொன்னது சரி, ஆனா "நிக்குதில்லை" எண்டதுக்கு அது மறுமொழி இல்லை. வீலைக் கழட்டேக்க ரெண்டு பக்கப் பாட்டையும் எடுத்து பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. உள் பாட் தேஞ்சு வெளிப் பாட் அப்பிடியே இருந்தா ஸ்லைட் பின் (காலிப்பர் முன்னும் பின்னும் ஓடுற கம்பி) இறுகிட்டுது எண்டு அர்த்தம், உப்பு ரோட்டில இது சர்வசாதாரணம். பின்னைக் கழட்டி துடைச்சு, சிலிக்கன் பிறேக் கிறீஸ் போட்டா கையாலயே ஓடோணும். ரப்பர் ஹோஸும் அந்தக் காலத்துப் பழசெண்டா மாத்துங்கோ, உள்ளுக்கை வீங்கி அடைச்சா பிறேக்கை விட்டாலும் காலிப்பர் விடாது. ஒரு 20 நிமிசம் ஓடிட்டு வந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீற்றரால நாலு ரோட்டரையும் பாருங்கோ, இடமும் வலமும் பெரிசா வித்தியாசம் காட்டினா அங்கதான் வில்லங்கம்.

மற்றது உங்கட டீசல்ல இருக்கிறது ஹைட்ரோபூஸ்ட், வேக்கும் பூஸ்டர் இல்லை. பவர் ஸ்டியரிங் பம்ப்தான் பிறேக்குக்கும் அமுக்கம் குடுக்குது. எஞ்சினை நிப்பாட்டி, பெடல் கல்லு மாதிரி ஆகும்வரை மிதிச்சு, காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்கோ. பெடல் கொஞ்சம் கீழ போய் திரும்ப காலைத் தள்ளோணும். ஒண்டும் நடக்காட்டி பம்ப், பெல்ட், பூஸ்டர் எண்டு தேடோணும்.

லிஃப்ட்கிட்_ராஜா:
பாலத்துல முன்பக்கம் அடிச்சுதே, அந்த டெத் வாபிளுக்கு டபுள் ஸ்டியரிங் ஸ்டெபிலைசர் (ஸ்டியரிங் ஆட்டத்த அடக்குற ஷாக்) போடு ப்ரோ, முடிஞ்சது. என்னோட ட்ரக்ல போட்டு ஒரு வருஷமா ஆட்டமே இல்ல.

ஹூஸ்டன்_டீசல்:
ராஜா ப்ரோ கோவிச்சுக்காதீங்க, அது காய்ச்சலுக்கு போர்வை போர்த்துற கதை. ஸ்டெபிலைசர் ஆட்டத்த அமுக்கி வைக்கும், லூஸ் ஆன இடம் லூஸாவேதான் இருக்கும். 2005ல இருந்து இந்த ட்ரக்குக்கு முன்னாடி காயில் ஸ்ப்ரிங், ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிறது ட்ராக் பார் மட்டும்தான். அதோட ஒரு முனைல பால் ஜாயிண்ட், இன்னொரு முனைல ரப்பர் புஷ், ரெண்டுல ஒண்ணு தேஞ்சா போதும். வண்டி தரைல நிக்கட்டும், எஞ்சின் ஓடட்டும், ஒருத்தர் ஸ்டியரிங்க இடம் வலமா சின்ன சின்னதா ஆட்ட, நீங்க கீழ படுத்து ட்ராக் பார் முனைல விரல வச்சுப் பாருங்க, போல்ட் அசையாம பார் மட்டும் டக்கு டக்குன்னு நகர்ந்தா அதுதான். அப்புறம் டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட், ரேடியஸ் ஆர்ம் புஷ்னு முன்பக்க மத்த மூட்டுகளயும் பாருங்க. டயர் காத்து கதவு ஸ்டிக்கர் படி இருக்கான்னும் பாருங்க. மறுபடி அந்த ஆட்டம் வந்தா பிரேக்க அழுத்தி மிதிக்காதீங்கண்ணா, ஆக்ஸிலரேட்டர விட்டு மெதுவா குறைங்க.

ஆமா, ட்ரெய்லர் பிரேக் வேலை செய்யுதா? அத யாருமே கேக்கல.

மண்வெட்டி_ஸ்காபரோ:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை மச்சானை ஸ்டியரிங்கில இருத்திப்போட்டு கீழ படுத்தன் (ஓடாத ட்ரக்கில ஏறுறதுக்கு அவனுக்குப் பிரச்சினை இல்லை). ட்ராக் பார் பால் ஜாயிண்ட் கண்ணுக்கே தெரியிற மாதிரி ஆடுது, ஓடர் போட்டாச்சு. ஹைட்ரோபூஸ்ட் சோதனை சரி, பெடல் காலைத் தள்ளுது. வலது பக்கம் உள் பாட் இரும்பைத் தொடுற அளவுக்கு வந்திட்டுது, வெளிப் பாட் பாதிக்கு மேல இருக்கு, கீழ் ஸ்லைட் பின்னை சுத்தியலால தட்டித்தான் எடுத்தனாங்கள். ஹப்பில கடலைத்தோல் போல துரு, அதுக்கு மேலயே ரோட்டரைப் போட்டு விட்டிருக்கிறாங்கள். ட்ரெய்லர் பிறேக்கை எப்பிடி தனியாப் பாக்கிறது?

பனிமலை_கல்கரி:
ஆளில்லாத இடத்தில 30, 40ல போய் பெடலைத் தொடாம ட்ரெய்லர் பிறேக் கொன்ட்ரோலரின்ர (ட்ரக்குக்குள்ள இருக்கிற பெட்டி) கை லீவரை மட்டும் அமத்துங்கோ. ட்ரெய்லர் பின்னுக்கு இழுக்கிறது உடம்புக்குத் தெரியோணும், சில்லு லொக் ஆனா கெயினை (பிறேக் பலத்தை) குறையுங்கோ. இழுக்காட்டி ட்ரெய்லர் வயரின்ர 7 பின் பிளக்கில பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கோ, வயர் அறுந்திருக்கோ, டிரம்முக்கை மக்னெட் தேஞ்சிட்டுதோ எண்டு பாக்கோணும். பொப்கற் பாரம் முழுக்க ட்ரக்கின்ர பிறேக்கே தாங்கினா எத்தினை ரோட்டர் போட்டும் சூட்டில போகும். ட்ராக் பார் போட்டாப்பிறகு அலைன்மென்ட் பாக்காம நெடுந்தூரம் ஓடாதீங்கோ, புதுப் பாட் போட்டா 50ல இருந்து 10க்கு நடுத்தரமா மிதிச்சு மிதிச்சு, இடையில ஆறவிட்டு பழக்கி எடுங்கோ. முழுசா நிப்பாட்டி அமத்திக்கொண்டு இருக்கவேண்டாம்.