ஓடின் கல் இருந்த இடத்தில் புதுக்கல்: பழைய முறையில் நடலாமா, நடவே கூடாதா?

வடகடல்:
ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுகள். அங்கே ஸ்டென்னஸ் என்ற இடத்தில் சுமார் 5,000 வருஷத்துக்கு முந்தைய நெடுங்கல் வட்டம் இருக்கிறது. இன்றைக்கு முழுசாக நிற்பது நாலு கல்தான். அந்த வட்டத்துக்கு வெளியே, கொஞ்சம் வடக்கே, தனியாக ஒரு கல் நின்றது. உயரம் எட்டடி இருக்கும். கல்லில் ஒரு துளை. கல்யாணம் பேசிக்கொண்ட ஜோடிகள் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்று துளை வழியே கையைப் பிடித்துச் சத்தியம் செய்வார்கள். ஓடின் என்ற பழைய வடநாட்டுச் சாமியின் பேரில் அதற்கு ஓடின் சத்தியம் என்று பெயர், கல்லுக்கு ஓடின் கல் என்று பெயர். அதை மீறியவனை அந்த ஊரில் யாரும் மதிக்கமாட்டார்கள்.

1814 டிசம்பரில் மக்கே என்ற குத்தகைக்காரர் அந்தக் கல்லை உடைத்துப் போட்டார். வெளியூரிலிருந்து வந்து நிலம் எடுத்தவர். கல்லைப் பார்க்க வருகிறவர்கள் தன் நிலத்தை மிதிக்கிறார்கள் என்பது அவர் கோபம். ஊர்க்காரர்கள் அவர் வீட்டைக் கொளுத்த இரண்டு முறை முயன்றார்கள். கல் போனது போனதுதான்.

என் கட்சி இது: அதே தீவின் பலகைக்கல் ஒன்றை வெட்டி, துளை போட்டு, கிரேன் இல்லாமல், கயிறும் நெம்புகோலும் ஆள்பலமும் வைத்து, பழைய இடத்திலேயே நட வேண்டும். அரசாங்கம் எதுவும் இப்படி அறிவிக்கவில்லை, இது என் ஆசை. எதிர்ப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

கல்லாடன்:
வந்துவிட்டேன். உடைந்து போன கல்லுக்குப் பதில் வைப்பது சிலை செய்யும் வேலை, தொல்லியல் இல்லை. பழஞ்சின்னங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964இன் வெனிஸ் சாசனம் 15ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: கலைந்து கிடக்கும் பழைய துண்டுகளைத் திரும்பச் சேர்க்கலாம், புதிதாகக் கட்டி எழுப்புவதை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட வேண்டும். ஓடின் கல்லுக்குச் சேர்க்கத் துண்டுகூடக் கிடையாது.

ஸ்டென்னஸ்காரர்கள் ஒருமுறை சூடு பட்டவர்களும்கூட. 1906இல் அங்கே விழுந்து கிடந்த கல் ஒன்றைத் திரும்ப நிறுத்தினார்கள், அது சரி. அந்தச் சூட்டோடு, வட்டத்துக்கு நடுவே கிடந்த கற்களை எடுத்துப் பலிபீடம் மாதிரி ஒரு கல்மேசையையும் கட்டிவிட்டார்கள். அப்படி ஒன்று அங்கே இருந்ததற்கு ஆதாரம் இல்லை. 1972இல் யாரோ மேல்கல்லைத் தள்ளிவிடும்வரை வந்தவர்கள் எல்லாம் அதைப் புராதனம் என்றே பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னொரு பொய் தேவையா?

வடகடல்:
1906இல் கற்பனையில் கட்டினார்கள். இங்கே கல் எப்படி இருந்தது என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், வரைந்திருக்கிறார்கள். நின்ற குழி என்று கருதப்படும் இடமும் 1980களின் கடைசியில் அகழாய்வில் கிடைத்தது. கல்மேசையும் இதுவும் ஒன்றில்லை.

நெம்புகோல்:
கட்டட வேலைக்காரன் பேசுகிறேன். கொள்கையை நீங்கள் பாருங்கள், நான் எடையைப் பார்க்கிறேன்.

மண்ணுக்குள் போகும் பகுதியோடு 10 அடி நீளம், 4 அடி அகலம், முக்கால் அடி கனம் என்று வைத்துக்கொள்வோம். 30 கன அடி. அந்த மாதிரிப் பலகைக்கல் கன அடிக்கு 70 கிலோ வரும். ஆக 2,100 கிலோ. இழுப்பதைப் பொறுத்தவரை 2016இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சோதித்தார்கள். ஒரு டன் கல்லை மரச்சறுக்கில் கட்டி, மரத்தண்டவாளத்தில் பத்துப் பேர் மணிக்கு ஒரு மைலுக்கு மேல் இழுத்துக்கொண்டு போனார்கள். அப்படியென்றால் நமக்கு இருபது பேர் போதும்.

நிமிர்த்துவது இப்படி. குழியின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்ட வேண்டும், எதிர்ப்பக்கம் செங்குத்து. கல்லின் அடி சரிவின் விளிம்பைத் தாண்டி நிற்கும்படி இழுத்து வந்து, தலைப்பக்கத்தை நெம்ப வேண்டும். படுத்திருக்கும்போது தலைப்பக்கம் கல்லின் பாதி எடைதான் கேட்கும், அதாவது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஐந்து கடப்பாரை போட்டால் ஒவ்வொன்றுக்கும் 210 கிலோ. நெம்புகோலின் நீளத்தை ஒன்றுக்கு ஆறு என்று பிரித்து நெம்பினால் கையில் 35 கிலோதான். இரண்டு விரற்கடை எழும்பியதும் கீழே கட்டையோ கல்லோ செருகி முட்டுக் கொடு, மறுபடி நெம்பு. சாய்வு ஏற ஏற அடி தானாகச் சரிவில் வழுக்கிக் குழிக்குள் இறங்கும். அப்புறம் கவை மாதிரி இரண்டு மரத்தைக் கட்டி நிறுத்தி, அதன் மேல் வடத்தைப் போட்டு இழுக்க வேண்டும்.

ஆபத்து கடைசி இருபது டிகிரியில்தான். பின்பக்கம் பிடிவடம் இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஆள் சாகிற இடம் அது.

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் 1901இல் வில்லியம் கௌலாண்ட் என்பவர் 56ஆம் எண் கல்லை நேராக்கும்போது அடியில் தோண்டிப் பார்த்தார். கல்லை எப்படிக் கொத்தினார்கள், எப்படி நட்டார்கள் என்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அந்தச் சின்னக் குழியிலிருந்து வந்தது.

கல்லாடன்:
நெம்புகோல் ஐயா கணக்கே என் பக்கம் பேசுகிறது. இருபது பேரும் அஞ்சு கடப்பாரையும் போதும் என்றால் அதில் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? ரகசியம் இருந்தது ஸ்டோன்ஹெஞ்சின் 40 டன் கல்லில். அதையும் தொண்ணூறுகளில் தொல்லியலாளர் ஜூலியன் ரிச்சர்ட்ஸும் பொறியாளர் மார்க் விட்பியும் செய்து பார்த்துவிட்டார்கள். கான்கிரீட்டில் கல் வார்த்து, கொழுப்புப் பூசிய மரப்பாதையில் நூற்றுச் சொச்சம் பேரை வைத்து இழுத்து, கல்லின் முதுகிலேயே பாரத்தை நகர்த்திக் குழிக்குள் கவிழ்த்தார்கள். தொலைக்காட்சியிலும் வந்தது. அதை அவர்கள் ஸ்டோன்ஹெஞ்ச் நடுவில் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. ‘பழைய முறை’ என்று சொல்கிறீர்களே, யாருடைய முறை? ஓர்க்னியில் பெரிய மரம் கிடையாது, அந்தக் காலத்திலும் அரிதுதான். தண்டவாளத்துக்கும் கவைக்கும் வேண்டிய மரம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்துக்காரன் மரத்தை வைத்துச் செய்து பார்த்ததைத் தூக்கிக்கொண்டுபோய் மரமில்லாத தீவில் நாடகம் போடுவதற்குப் பழைய முறை என்று பெயர் வைக்காதீர்கள்.

வடகடல்:
அதனால்தான் அங்கேயே செய்து பார்க்க வேண்டும் என்கிறேன்! கரையொதுங்கும் கட்டை எவ்வளவு தாங்கும்? ஓர்க்னியின் கற்கால ஊரான ஸ்காரா பிரேயில் புதர்ச்செடித் தண்டைத் திரித்த கயிறு கிடைத்திருக்கிறது. அதை வடமாக முறுக்கினால் 2 டன்னை இழுக்குமா? ஈரமான கடற்பாசியைப் பரப்பினால் சறுக்குமா? இவ்வளவு கேள்வி இருக்கும்போது ‘கண்டுபிடிக்க என்ன மிச்சம்’ என்றால் எப்படி?

சும்மா கேட்கிறேன்:
நடுவில் ஒரு கேள்வி. கிரேன் வைத்தால் என்ன குறை? ஈஸ்டர் தீவில் டோங்கரிக்கி மேடையில் மோவாய் என்கிற 15 பெரிய கல்சிலைகளை 1960 சுனாமி உருட்டிவிட்டது. தொண்ணூறுகளில் ஜப்பான் நிறுவனம் ஒன்று கொடுத்த கிரேனை வைத்துத்தான் நிறுத்தினார்கள். அதில் ஒன்று 86 டன். இன்றைக்கு அந்தத் தீவின் படம் என்றாலே அந்த வரிசைதான். யாராவது கிரேனைப் பற்றிக் கேட்கிறார்களா?

நெம்புகோல்:
ஸ்டோன்ஹெஞ்சிலும் அப்படித்தான். 1797இல் விழுந்த முக்கல் வாசலை (இரண்டு கல் மேல் ஒரு கல் வைத்தது) 1958இல் 60 டன் கிரேன் வைத்துத்தான் தூக்கினார்கள். அடியில் கான்கிரீட் போட்டார்கள். இன்னும் பல கற்களுக்குக் கீழேயும் கான்கிரீட்தான். போய்ப் படம் எடுக்கிறவர்களுக்கு இது தெரியாது, சொன்னால் கோபப்படுகிறார்கள்.

வடகடல்:
ஈஸ்டர் தீவு என்றதும் எனக்கு அகிவி மேடைதான் முதலில் வரும். 1960இல் தொல்லியலாளர் வில்லியம் முல்லாய் குழுவும் தீவுக்காரர்களும் ஏழு சிலைகளை நிமிர்த்தினார்கள். மரநெம்பும், அடியில் அடுக்கிய கற்களும்தான் கருவி. முதல் சிலைக்கு ஒரு மாதம் ஆனது. கடைசிச் சிலைக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. நடுவில் என்ன நடந்தது? எந்தக் கல்லை எங்கே செருகுவது, யார் குரல் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று கை கற்றுக்கொண்டது. கணக்குப் போட்டு எழுதியதில் இது வராது. கிரேன் வைத்த டோங்கரிக்கியில் 15 சிலை நின்றது, இந்த விஷயம் மட்டும் கிடைக்கவில்லை.

அகிவிக்கு நாலைந்து வருஷம் முன்னால், நார்வேக்காரர் ஹெயர்தால் அதே தீவின் அனகேனாவில் கேட்டபோது பன்னிரண்டு பேர் 18 நாளில் ஒரு சிலையை நிமிர்த்திக் காட்டினார்கள். அதில் இரண்டே இரண்டு மரக்கம்புதான்.

கல்லாடன்:
வடகடல், ஒரு வித்தியாசத்தைத் தாண்டிப் போகிறீர்கள். அகிவியில் நிமிர்ந்தது அதே பழைய சிலை. அங்கேயே விழுந்து கிடந்தது, அங்கேயே எழுந்தது. நீங்கள் கொண்டுவருவது நேற்று வெட்டிய கல். எத்தனை பேர் வியர்வை சிந்தி இழுத்தாலும் அதற்கு 5,000 வயது ஆகாது. இங்கிலாந்திலேயே ஏவ்பரி கல்வட்டம் இருக்கிறது. அலெக்சாண்டர் கெய்லர் 1930களில் அங்கே புதைந்து கிடந்த கற்களைத் தோண்டி நிறுத்தினார். கல்லே இல்லாத குழிகளில் என்ன செய்தார்? குட்டையான கான்கிரீட் தூண் நட்டார். அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் பார்க்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும், இங்கே ஒரு கல் இருந்தது, இப்போது இல்லை என்று. அதுதான் யோக்கியமான வேலை.

செய்முறை விளையாட்டின் லட்சணத்தையும் பார்த்தாயிற்று. 2000இல் வேல்ஸ் மலையிலிருந்து ஸ்டோன்ஹெஞ்சுக்கு 3 டன் கல் ஒன்றைப் பழைய வழியிலேயே கொண்டுபோகிறோம் என்று கிளம்பினார்கள். படகோடு கட்டிக் கடலில் இறக்கியதும் கொஞ்ச தூரத்திலேயே கல் தண்ணீருக்குள் போய்விட்டது. அப்புறம் எடுத்தார்கள், ஸ்டோன்ஹெஞ்ச் போய்ச் சேரவே இல்லை. இதிலிருந்து பழங்காலத்து மனிதரால் முடியவில்லை என்று தெரிந்ததா, நம்மால் முடியவில்லை என்று தெரிந்ததா?

மேட்டுநிலம்:
வெனிஸ் சாசனம் ஐரோப்பியக் கல்கட்டடக்காரர்களின் கவலை. ஜப்பானில் இசே கோயிலை இருபது வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், 2013இல் கட்டியது 62ஆவது. அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. அந்த மாதிரி விஷயங்களுக்காகத்தான், எது அசல் என்பதை அந்தந்தப் பண்பாட்டின் வழியில் பார்க்கச் சொல்லும் நாரா ஆவணம் 1994இல் வந்தது. இந்தோனேசியாவின் சும்பாத் தீவில் இன்றைக்கும் கல்லறைக் கல்லை ஊரே கூடி இழுக்கிறது. கல்லைக் கப்பல் மாதிரி பாவித்து, மேலே துணியைக் கட்டி, ஒருவர் ஏறி நின்று குரல் கொடுக்க, கீழே இருப்பவர்கள் பதில் சொல்லி இழுப்பார்கள். இழுப்பவர்களுக்குச் சோறு போடுவதுதான் பெரிய செலவு. ஓர்க்னியிலும் கல்லைவிடக் கூட்டம்தான் முக்கியமாக இருந்திருக்கும்.

கல்லாடன்:
இசேயிலும் சும்பாவிலும் வழக்கம் அறுந்து போகவில்லை. ஓர்க்னியில் கல் நட்டவர்கள் போய் ஐயாயிரம் வருஷம். ஓடின் சத்தியம் செய்தவர்கள் போய் இருநூறு வருஷம். கல் நட்டவர்களுக்கு ஓடின் யாரென்றே தெரியாது, அந்தச் சாமி ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளோடு வந்தது. நீங்கள் இரண்டில் எதை மீட்கிறீர்கள்? கற்காலத்து முறையில் நட்டு, 18ஆம் நூற்றாண்டுக் காதலருக்குத் துளை போட்டுக் கொடுப்பது கலப்படம்.

வடகடல்:
நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கல்லுக்கே இரண்டு வாழ்க்கை இருந்தது. ஒரு கூட்டம் நட்டது, நாலாயிரம் வருஷம் கழித்து வேறொரு கூட்டம் சொந்தமாக்கிக்கொண்டது. மூன்றாவது கூட்டம் வந்தால் மட்டும் கலப்படமா?

நெம்புகோல்:
இரண்டு பேருக்கும் சேர்த்து நடைமுறைக்கு வருகிறேன். பழைய குழியில் நட்டால் கல் நிற்க அந்தக் குழியைத் திரும்ப வெட்ட வேண்டும். கல்லைச் சுற்றிக் குழியில் இறுக்கிய அடைகல் இருந்த விதம், மண் அடுக்கு, எதிர்காலத்தில் யாராவது சோதிக்கக் கூடியது எல்லாம் போய்விடும். அந்த விஷயத்தில் கல்லாடன் சொல்வதுதான் சரி. உலகப் பாரம்பரியச் சின்னத்துக்குள் அனுமதியும் கிடைக்காது. ஆனால் பக்கத்து வயலில், தோண்டிச் சோதித்து ஒன்றுமில்லை என்று தெரிந்த இடத்தில், தாராளமாக நடலாம்.

கல்லாடன்:
வேறு வயல் என்றால் எனக்குப் பாதி ஆட்சேபம் போய்விடும். மிச்சப் பாதிக்கு நிபந்தனை: நட்ட வருஷத்தைக் கல்லிலேயே கண்ணில் படுகிற உயரத்தில் வெட்ட வேண்டும். கான்கிரீட் கூடாது, அடைகல்லும் மண்ணும் மட்டும். ஓர்க்னிக் காற்றில் எவ்வளவு சாய்கிறது என்று வருஷா வருஷம் அளக்க வேண்டும். அப்படிச் செய்தால் அது சோதனை, நான் ஆதரிக்கிறேன். ‘ஓடின் கல்’ என்று பலகை வைத்தால் திரும்பச் சண்டைக்கு வருவேன்.

வடகடல்:
பழைய இடம் என்பதை நான் விடவில்லை, அங்கே நிற்பதில்தான் அர்த்தம். ஆனால் முதல் கல்லை வயலில் நட்டுப் பழகலாம் என்றால் சம்மதம். நெம்புகோல் ஐயா, துளையை எப்போது போடுவது? நட்ட பிறகா, படுத்திருக்கும்போதா?

நெம்புகோல்:
படுத்திருக்கும்போதே. கெட்டியான கூழாங்கல்லால் இரண்டு பக்கமிருந்தும் கொத்தி நடுவில் சந்திக்க விடுங்கள். ஒரே பக்கமாகத் துளைத்தால் மறுபக்கம் தட்டுத் தட்டாகப் பெயரும், பலகைக்கல் புத்தி அது. துளை போட்ட இடத்தில் கல் பலவீனப்படும் என்பதால் அதற்கு நேர் கீழே முட்டுக் கொடுக்காதீர்கள். தலைப்பக்கமும் இடுப்புப்பக்கமும் மாற்றி மாற்றி முட்டுக் கொடுத்து ஏற்றுங்கள். துளைக்குள் வடத்தை விட்டு இழுக்கலாமே என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார், அவரைச் சோறு பொங்க அனுப்பிவிடுங்கள்.