ஈக்விப்மென்ட் கன்ட்ரோலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு,

துப்பாக்கி சுடும் போட்டிகளில் துப்பாக்கியும் உடுப்பும் விதிப்படி இருக்கின்றனவா என்று ஒரு மேசையில் வைத்துப் பார்ப்பதை ஈக்விப்மென்ட் கன்ட்ரோல் என்கிறார்கள். அதற்குத் தமிழ் என்ன என்று போன கிழமை நான் கேட்டதற்கு மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உபகரணக் கட்டுப்பாடு, ஆயுதப் பரிசோதனை, துப்பாக்கிச் சோதனை. மூன்றுமே எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள்.

அக்கா மகன் கொழும்பில் ஒரு போட்டிக்குப் போனான், 10 மீட்டர் காற்று ரைபிள். அந்த ரைபிள் 5.5 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது, குறிபார்க்கும் பாகமெல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. முதல் நாள் பண்டாரவளையில் ஒரு கடைத்தராசில் வைத்துப் பார்த்தோம், முள் சரியாக ஐந்தரையில் நின்றது, பயலுக்கு ஒரே சந்தோசம். போட்டி மேசையில் வைத்தால் 5 கிலோ 540 கிராம்! அங்கேயே அலன் கீயை எடுத்து, முன்பக்கம் பூட்டியிருந்த ஒரு சின்ன இரும்பு வில்லையைக் கழற்றி, மறுபடி வைத்து, 5 கிலோ 460 என்று காட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கடைக்காரர் அந்தத் தராசுக்கு எந்த வருசம் முத்திரை குத்தினாரோ, கேட்கவில்லை.

அந்த மேசையில் நடப்பது இதுதான். ரைபிளையும் மேலங்கியையும் விதியில் எழுதிய அளவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். குழல் 4.5 மில்லிமீட்டர்தானா, மேலங்கியின் தடிப்பு 2.5 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, அவ்வளவுதான். துப்பாக்கி சுடுமா, நல்ல துப்பாக்கியா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் பரிசோதனை பொருந்தாது. சோதனை என்றால் நம் பிள்ளைகளுக்குப் பரீட்சை, என் வயதுக்காரர்களுக்கு பஸ்ஸை விட்டிறங்கி அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற ஞாபகம். துப்பாக்கி என்ற சொல்லோடு அதைச் சேர்த்து எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னியுங்கள். கட்டுப்பாடு என்பது கன்ட்ரோலை அப்படியே தூக்கிப் போட்டது. ஆயுதக் கட்டுப்பாடு என்றால் நாடுகள் உட்கார்ந்து பேசுகிற வேறு விசயம்.

ஹட்டன் டீச்சர் தனிமடலில் 'நிறுவை' என்று எழுதியிருந்தார். தேயிலைத் தோட்டத்து மடுவத்தில் கொழுந்து நிறுத்துப் பழகிய நமக்கு அழகான சொல்தான், ஆனால் எடையோடு நின்றுவிடும். தடிப்பும் நீளமும் வெளியே போய்விடும்.

என் யோசனை 'விதியொப்பு'. செய்கிற வேலை 'ஒப்புப் பார்த்தல்'. பார்த்து முடித்ததும் தருகிற அட்டைக்கு 'ஒப்புத்துண்டு', தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகத் துண்டு வாங்குவோமே, அதே துண்டு. போட்டி முடிந்த பிறகும் சிலரைக் கூப்பிட்டு மறுபடி பார்ப்பார்கள், அதில் தவறினால் எடுத்த புள்ளியெல்லாம் போய் ஆளே வெளியே. அதைப் 'பின்னொப்பு' எனலாம். ஒப்பு என்றால் கையொப்பம் என்று குழம்பாதா என்று பதுளை அண்ணன் கேட்கக்கூடும். அண்ணே, கையெழுத்தை நாம் ஒப்பம் என்றுதானே சொல்கிறோம், அந்த ஒரு மகரம் காப்பாற்றும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் டெஹானி எகொடவெல காற்று ரைபிளில் நம் நாட்டுக்காகச் சுட்டதிலிருந்து பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பக்கத் தமிழ்த்தாளாவது எழுதிக் கொடுக்கத்தான் இந்தப் பாடு. மருமகனிடம் சொல்லிப் பார்த்தேன். "விதியொப்பெல்லாம் நீளம் மாமா, மேசையில 'ஒப்பு முடிஞ்சுதா'ன்னு கேட்டா போதும்" என்றான். சரி, புழங்கப் போகிறவன் அவன்தான், தாளில் விதியொப்பு, வாயில் ஒப்பு என்று விட்டுவிடலாம்.

இன்னொரு முடிச்சு மிச்சம். காற்று ரைபிளின் ட்ரிக்கரை இழுக்கக் குறைந்தது இவ்வளவு எடை வேண்டும் என்று விதி கிடையாது, காற்றுப் பிஸ்டலுக்கு அது 500 கிராம். பிஸ்டலின் குழலை மேல்நோக்கிப் பிடித்து, மேசையில் இருக்கும் எடைக்கட்டியை ட்ரிக்கரில் மாட்டி மெதுவாகத் தூக்குவார்கள். ட்ரிக்கர் விடாமல் தாங்க வேண்டும், மூன்று தடவைதான் வாய்ப்பு. ட்ரிக்கரை எல்லாரும் விசை என்கிறோம். பள்ளிக்கூடப் பௌதிகத்தில் ஃபோர்ஸுக்கும் விசை என்றுதான் பெயர். அப்படியானால் 'விசையை இழுக்கும் விசை' என்றா எழுதுவது? குதிரை என்று அகராதியில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது ட்ரிக்கர் இழுபட்டதும் போய் அடிக்கிற பாகம். என்னிடம் இருப்பது 'விரல்பிடி', 'சுண்டி' இரண்டும்தான். சுண்டி என்றதும் அக்கா இஞ்சியைத் தேடினாள். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை தாளை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து.