சிங்கப்பூர், தோ பாயோ வீட்டு அரட்டைக் குழு: இந்த மாதத் தண்ணீர் பில் (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்)

டிசம்பர் 2025, வியாழன்

அம்மா (இரவு 8:12): யாராவது இதைப் பாருங்கள். பில் 214 வெள்ளி வந்திருக்கிறது. போன மாதம் ஒரு காசு கூடக் கட்டவில்லை. நாங்கள் ஏர்கான் போடுவதே இல்லை.

அம்மா: (படம்)

சரவணன்: அம்மா, படத்தில் உங்கள் கட்டைவிரல் மட்டும்தான் தெரிகிறது.

அம்மா: (படம்) இப்போது?

கவிதா அக்கா: இதே பில்லில் கரண்ட், கேஸ் இரண்டும் எப்போதும் போலத்தான் இருக்கின்றன. தண்ணீரைப் பாருங்கள். 31 கன மீட்டர்! வழக்கமாக 14தானே வரும்?

பெரிய மாமா: விலையை ஏற்றிவிட்டார்கள் தங்கச்சி. ஏப்ரலிலேயே ஏற்றியாயிற்று. நான் அப்போதே சொன்னேன்.

கவிதா அக்கா: மாமா, ஏப்ரலில் ஏறியது கன மீட்டருக்கு 30 காசு. 14 கன மீட்டருக்கு 4 வெள்ளி 20 காசுதான் கூடும். அதற்கு இவ்வளவு வராது.

சரவணன்: இப்போது கன மீட்டருக்கு மொத்தம் எவ்வளவு?

கவிதா அக்கா: ஜிஎஸ்டி சேர்க்காமல் 3.24. தண்ணீருக்கு 1.43, தண்ணீர்ச் சேமிப்பு வரி 72 காசு, கழிவுநீர்க் கட்டணம் 1.09. 31 என்றால் 100 வெள்ளி 44 காசு.

சரவணன்: குழாயில் வருவதற்கும் காசு, சாக்கடையில் போவதற்கும் காசு.

அம்மா: அப்படியென்றால் போன மாதம் ஏன் ஒன்றும் வரவில்லை?

கவிதா அக்கா: அது யூ-சேவ் அம்மா, பில்லில் கழிக்க அரசாங்கம் தரும் தள்ளுபடி. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் நாலு மாதம்தான் வரும். அக்டோபரில் வந்ததன் மிச்சம் நவம்பரில் கழிந்தது. இப்போது தீர்ந்துவிட்டது.

கவிதா அக்கா: இன்னொன்று. நவம்பர் பில்லில் எஸ்டிமேட் என்று போட்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் ஆள் வந்து மீட்டர் பார்ப்பார். நடுவில் ஒரு உத்தேசக் கணக்கு. நவம்பரில் 14 என்று போட்டு, இந்த மாதம் உண்மையான எண்ணைப் பார்த்ததும் மிச்சம் முழுவதையும் சேர்த்துவிட்டார்கள்.

சரவணன்: அப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதத்துக்கு 45. நியாயமாக 28தான் வரவேண்டும். 17 கன மீட்டர் எங்கே போயிற்று? 17,000 லிட்டர்!

அம்மா: உன் அப்பா அரை மணி நேரம் குளிக்கிறார்.

அப்பா: நான் எப்போதும் அப்படித்தான் குளிக்கிறேன்.

பெரிய மாமா: மீட்டர் கோளாறாக இருக்கும். ஆளைக் கூப்பிடு.

சரவணன்: முதலில் நாமே பார்ப்போம் மாமா. அம்மா, வாசலுக்கு வெளியே காரிடார் அலமாரியில் நம் யூனிட் எண் போட்ட மீட்டர் இருக்கும். படுக்கும் முன்னால் ஒரு படம், எழுந்ததும் ஒரு படம். நடுவில் குழாயையோ ஃபிளஷையோ தொடவே கூடாது.

அப்பா: நான் இரவில் இரண்டு தடவை எழுந்திருப்பேனே.

சரவணன்: ஒரு வாளியில் முன்பே பிடித்து வையுங்கள் அப்பா.

அம்மா (இரவு 10:40): (படம்) சிவப்பு எண் 412.

வெள்ளி

அம்மா (காலை 5:40): (படம்) 524. யாரும் தொடவில்லை. உன் அப்பா வாளித் தண்ணீர்தான் ஊற்றினார்.

சரவணன்: கறுப்பு எண் மாறவில்லை. சிவப்பு எண் லிட்டர். ஏழு மணி நேரத்தில் 112 லிட்டர். மணிக்கு 16, நாளைக்கு 384. 17,000 லிட்டர் போக ஒன்றரை மாதம் போதும். கணக்குச் சரியாக இருக்கிறது. எங்கோ ஒழுகுகிறது.

அம்மா: தரை எல்லாம் காய்ந்துதான் இருக்கிறது. கீழ் வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை.

கவிதா அக்கா: டாய்லெட்டாக இருக்கும். ஃபிளஷ் தொட்டியில் ஏதாவது கலர் போட்டுவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். பேசினுக்குள் கலர் இறங்கினால் அதுதான்.

அம்மா: கலருக்கு எங்கே போவேன்?

கவிதா அக்கா: கேசரி பவுடர் இருக்கிறதே.

அம்மா (6:55): நம் அறை டாய்லெட்டில் ஒன்றுமில்லை. சமையலறைப் பக்கத்து டாய்லெட்டில் பின் சுவரோரம் நூல் மாதிரி ஆரஞ்சு இறங்குகிறது. சத்தமே இல்லை. அதை யாரும் உபயோகிப்பதில்லை, மாப் அலசத்தான்.

சரவணன்: தொட்டிக்கு அடியில் இருக்கிற வால்வைத் திருகி அடைத்துவிடுங்கள். ரப்பர் கெட்டியாகியிருக்கும். நாளை நானே வந்து மாற்றுகிறேன்.

பெரிய மாமா: 17 கன மீட்டர் என்றால் 55 வெள்ளி. மாப்பை இவ்வளவு செலவு செய்து அலசியது நீ ஒருத்திதான் தங்கச்சி.

கவிதா அக்கா: இனிமேல் எஸ்டிமேட் வரும் மாதத்தில் நாமே மீட்டர் எண்ணை ஆப்பில் போட்டுவிடலாம். இப்படி ஆனால் ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும். நான் போடுகிறேன், நீங்கள் படம் மட்டும் அனுப்புங்கள். கட்டைவிரல் இல்லாமல்.

அம்மா: சரி. சரவணா, வரும்போது கேசரி பவுடரும் வாங்கி வா. ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வருகிறார்.

பெரிய மாமா: எனக்குப் பாயசம் போதும்.