‘எவ்ரி ஒன்’ மாதிரியான களிமண் மணிப்படம் செய்ய: அளவு, சூளை, சாயம்?

களிமண்கூடம்:
வணக்கம். அமெரிக்காவின் ஸ்டாண்டிங் ராக் பூர்வகுடிப் பகுதியில் பிறந்த கலைஞர் கன்னுபா ஹன்ஸ்கா லூகர் 2018-ல் செய்த ‘எவ்ரி ஒன்’ (சாயமிட்ட களிமண் மணிகளைச் சரங்களாகத் தொங்கவிட்டு ஒரு முகத்தைக் காட்டும் படைப்பு) செய்முறையை, எங்கள் மட்பாண்டப் பிரிவில் சுமார் 1,000 மணிகளில் செய்துபார்க்க இருக்கிறோம். மண் எவ்வளவு வாங்கணும், எப்படிச் சுடணும், முகம் தெரிய எப்படிக் கோர்க்கணும்?

சூளைக்காரர்:
மணி செய்து அனுப்பச் சொல்லி லூகர் மக்களிடம் கேட்டது 2 அங்குல மணிகள். ஈரத்தில் 5 செ.மீ. உருண்டை ஏறக்குறைய 120 கிராம் வரும். 30 சரம், சரத்துக்கு 34 மணி என்று வைத்தால் 1,020 மணி. அதற்கு 122 கிலோ மண். சேதாரம் சேர்த்து 140 கிலோ வாங்குங்கள். சுட்டபின் வெளிர் நிறம் தரும் ஸ்டோன்வேர் (அதிக வெப்பம் தாங்கும் மட்பாண்ட மண்) தான் வேண்டும். செம்மண்ணில் சாம்பல் நிற வித்தியாசமே எடுபடாது.

துளை போடும் பதம் முக்கியம். ஈரமாக இருக்கும்போது குத்தினால் உருண்டை சப்பையாகிவிடும், காய்ந்தபின் குத்தினால் விரியும். விரலால் அழுத்தினால் லேசாகத் தடம் விழும் பதத்தில், 6 மி.மீ. குச்சியைத் திருகித் திருகிப் பாதிவரை விட்டு, மறுபக்கம் திருப்பி முடியுங்கள். துளை விளிம்பில் நிற்கும் பிசிறை அப்போதே ஈர ஸ்பாஞ்சால் தடவிவிட வேண்டும். சுட்டபின் அது பிளேடு மாதிரி கயிற்றை அறுக்கும்.

இவ்வளவு கனமான உருண்டை வெளியே காய்ந்து தெரியும், நடுவில் ஈரம் இருக்கும். அந்த ஈரம் 100 டிகிரியில் ஆவியாகி மணியை வெடிக்க வைக்கும். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இருப்பதும் போச்சு. இரண்டு வாரம் நிழலில் உலர்த்தி, சூளையின் துவாரத்தைத் திறந்துவைத்து 85 டிகிரியில் ஒரு இரவு முழுக்க வைத்துவிட்டு, பிறகு மெல்ல 1,000 டிகிரிக்கு ஏற்றுங்கள். கிளேஸ் (கண்ணாடி போன்ற மேற்பூச்சு) வேண்டாம். மை ஊற மண் நுண்துளையோடு இருக்கணும்.

நூலும்மையும்:
மூலப்படைப்பில் தெரியும் முகம் புகைப்படக் கலைஞர் கலி ஸ்பிட்சர் எடுத்த ‘சிஸ்டர்’ என்ற உருவப்படம். 4,000-க்கும் மேற்பட்ட மணிகள் இருந்ததால் அது தெளிவாகத் தெரிகிறது. உங்கள் 1,020-க்கு முகத்தை நெருக்கமாக வெட்டி, ஒளி–நிழல் அழுத்தமாக உள்ள படத்தை எடுங்கள். 30×34 கட்டமாகச் சுருக்கி, 5 சாயலுக்குக் குறைத்து, எண் போட்டு அச்சிடுங்கள். நல்ல தூரம் தள்ளி நின்று பார்த்து அடையாளம் தெரியாவிட்டால் படத்தை மாற்றுங்கள், மணியைத் தொடாதீர்கள்.

கறுப்பு மையை 5 அடர்த்தியில் தண்ணீர் கலந்து வைத்துக்கொண்டு முக்கி எடுங்கள். காய்ந்ததும் சாயல் வெளிறும், அதனால் ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெவ்வேறு மண், வெவ்வேறு வெப்பத்தில் சுட்டது எல்லாம் கலந்தால் ஒரே மையை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி உறிஞ்சும். அப்போது முக்கும் வரிசையை நம்பாமல், காய்ந்த மணிகளைக் கண்ணால் பார்த்து 5 கூடையில் பிரியுங்கள்.

சுட்டபின் மணி 85 கிராம் அளவுக்கு வரும். ஒரு சரம் 3 கிலோ, மொத்தம் 90 கிலோவுக்குள். பருத்தி நூல் ஆகவே ஆகாது. நைலான் உறை போட்ட ஸ்டீல் கம்பி, அடியில் வாஷர், கம்பி நுனியை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப். மேல்சட்டத்தைச் சுவரில் அல்ல, உத்தரத்தில் மாட்டுங்கள்.

கரையோரம்:
மேலே சொன்னதெல்லாம் செய்முறையில் பாதிதான். லூகர் வீடியோ போட்டுக் கேட்டார். அமெரிக்கா, கனடா முழுக்க மக்கள் கூடி உட்கார்ந்து உருட்டி அனுப்பினார்கள். ஒவ்வொரு மணியும் காணாமல்போன அல்லது கொல்லப்பட்ட ஒரு பூர்வகுடிப் பெண், சிறுமி அல்லது பால்புதுமையினர். அதனால் கோணலான மணியை ஒதுக்காதீர்கள், அளவையும் சீராக்காதீர்கள். விரல் தடம் இருக்கட்டும். வெடித்துப்போனால், அதை உருட்டியவரையே மீண்டும் உருட்டச் சொல்லுங்கள். மாணவர்கள் நாலு பேர் மட்டும் உட்கார்ந்து ஆயிரத்தையும் உருட்டுவதாக இருந்தால், அது வெறும் மணிப்படம். வேறு துயரத்துக்கு இதே வடிவத்தை எடுப்பதாக இருந்தால், அந்தக் குடும்பங்களிடம் கேட்டபிறகு மண்ணைப் பிசையுங்கள்.

சூளை கிடைக்காவிட்டால் 2016-ல் ஸ்டாண்டிங் ராக் எண்ணெய்க் குழாய்ப்பாதை எதிர்ப்புக்கு, எதிரே நிற்கும் போலீஸாருக்கு அவர்கள் முகத்தையே காட்ட லூகர் வடிவமைத்த கண்ணாடிக் கேடயத்தைப் பாருங்கள். அதுவும் வீடியோ பார்த்து யாரும் செய்யக்கூடியதுதான். 4×8 அடி ஹார்டுபோர்டை (அழுத்திய மரநார்ப் பலகை) 16×48 அங்குலமாக அறுத்தால் 6 பலகை. கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் வினைல் (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, பின்னால் கயிற்றுப் பிடி. பலகையில் ஒரு துளி மரத்தூள் இருந்தாலும் வினைல் குமிழ்விடும், எதிரே நிற்பவர் முகம் நெளியும். ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, ஒரு ஓரத்திலிருந்து அட்டையால் தேய்த்துக்கொண்டே ஒட்டுங்கள்.