லைசோசைம் மறுமடிப்பு: மிஞ்சும் டிடிடி-யை எப்படி நீக்குவது?

மடிப்பு குலைத்த புரதத்தை மறுபடி மடிக்க முயல்கிறோம். கோழிமுட்டை லைசோசைம் என்ற நொதிதான் சரக்கு: 129 அமினோ அமிலங்கள், அதில் 8 சிஸ்டீன், அவை ஜோடி சேர்ந்து 4 டைசல்பைடு (கந்தக–கந்தக) பிணைப்பு. 8 மோலார் யூரியா, 100 மில்லிமோலார் டிடிடி (டைதயோதிரெய்டால், டைசல்பைடை உடைக்கும் ஒடுக்கி), பிஎச் 8.5-இல் மடிப்பைக் குலைத்து, 50 மடங்கு நீர்த்து மடியவிடுகிறோம். புரதம் மில்லிக்கு 0.2 மில்லிகிராம். ஊற்றியவுடன் பால்போலக் கலங்குகிறது. நீர்வெறுக்கும் பக்கச் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டுவதுதான் காரணம், 0.5 மோலார் ஆர்ஜினின் சேர்த்தால் தெளிகிறது.

ஆனால் நொதிச் செயல் வரவில்லை. சந்தேகம் டிடிடி மேல்தான். நீர்த்த பிறகும் 2 மில்லிமோலார் மிஞ்சும். மடியவிடும் தாங்கல் கரைசலில், டைசல்பைடு உருவாக உதவும் ஆக்சிஜனேற்றமடைந்த குளுட்டாதயோன் வெறும் 0.3 மில்லிமோலார். அத்தனையையும் டிடிடி ஒடுக்கிவிடும், பிறகு பிணைப்பு எங்கிருந்து வரும்?

யோசித்த வழி: பிஎச் 3-இல், யூரியாவோடு, ஜி-25 பத்தியில் (சிறு மூலக்கூறுகளைப் புரதத்திலிருந்து பிரிக்கும் ஜெல் நிரப்பிய குழாய்) டிடிடி-யைப் பிரிப்பது. அமிலத்தில் சிஸ்டீனின் தயோல் (கந்தக–ஹைட்ரஜன் தொகுதி) புரோட்டானோடு இருப்பதால் முன்கூட்டியே இணையாது. இல்லை, ஆக்சிஜனேற்றமடைந்த குளுட்டாதயோனை 3 மில்லிமோலாருக்கு மேல் ஏற்றினாலே போதுமா? சிஸ்டீன்கள் தவறான ஜோடி சேர்ந்து சிக்கிக்கொள்ளுமோ என்று தயக்கம்.

இரண்டையும் செய்து பார்த்தவர்கள் விளைச்சலோடு சொல்லுங்கள். யூரியா அன்றன்று கரைத்ததுதான். பழைய யூரியாவில் உண்டாகும் சயனேட் லைசினைக் கெடுத்திருக்கும் என்ற பதில் வேண்டாம்.