ஹோம்ஸ்கூலிங் பண்றவங்க வீட்ல ஒரு நாள் எப்படிங்க ஓடுது? எங்க டைம்டேபிள் நிக்கவே மாட்டேங்குது

மூணு வாண்டு அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பெரியவனுக்கு 9 வயசு, நடுவுல பொண்ணுக்கு 6, குட்டிக்கு 2. பெரிய ரெண்டு பேரையும் வீட்லயே படிக்க வைக்கிறோம். 9 மணிக்கு கணக்கு, 9:40க்கு மொழிப்பாடம், 10:20க்கு அறிவியல்னு சார்ட் போட்டு சுவத்துல ஒட்டியிருக்கேன், ஆனா குட்டி ஒரு தடவை அழுதா போதும் 9:40 பாடம் 10:10க்கு போயிடுது, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் லேட்டு லேட்டுன்னு துரத்திக்கிட்டே இருக்கோம். நேத்து பெரியவன் வகுத்தல் கணக்கை அழிச்சு அழிச்சு பேப்பரே கிழிஞ்சு போச்சு, அந்த கேப்ல குட்டி ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அக்கா நோட்டு பூரா கிறுக்கிட்டா. உங்க வீட்ல எல்லாம் எத்தனை மணி நேரம் உக்கார வைக்கிறீங்க, கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்.

கூடை நிறைய புக்கு:
சார்ட்ல மணியை எடுத்துடுங்கம்மா, வரிசை மட்டும் இருக்கட்டும். எங்க வீட்ல எதுக்கப்புறம் எதுங்கறது மாறாது, எத்தனை மணிக்குங்கறது தினம் மாறும். சாப்பிட்டு தட்டு கழுவி வச்சதும் எல்லாரும் தரையில உக்காந்து கதை வாசிப்போம், சின்னவன் என் மடியில. அது முடிஞ்சா கணக்கு, அப்புறம் வெளிய விளையாட்டு. சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனா எல்லாமே சேர்ந்து தள்ளிப்போகும், யாருக்கும் லேட்டுங்கற பேச்சே இல்ல. குட்டிக்கு முதல்ல நேரம் குடுங்க. அப்படி குடுத்தா அப்புறம் கொஞ்ச நேரமாவது தானா விளையாடும், கடைசில பாத்துக்கலாம்னு விட்டா கால கட்டிக்கிட்டு விடவே விடாது.

தினமும் கட்டாயம்னா கணக்கும் வாசிப்பும் தான். அறிவியல், வரலாறு, படம் வரையறது எல்லாம் ஒரு கூடையில வரிசையா நிக்கும், முன்னாடி இருக்கற புக்கை எடுத்து முடிச்சிட்டு பின்னாடி வச்சிடுவோம். இன்னைக்கு வரலாறு வரைக்கும் போகலையா, நாளைக்கு அதுலேர்ந்து ஆரம்பம், அவ்ளோதான்.

அப்புறம் 6 வயசுக்கு 40 நிமிஷம் ரொம்ப ஜாஸ்திங்க. இங்கிலாந்துல சார்லட் மேசன்னு ஒரு கல்வியாளர் இருந்தாங்க (1842–1923), 8 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்கு ஒரு பாடம் 20 நிமிஷத்தை தாண்ட வேண்டாம்னு அப்பவே சொல்லிட்டாங்க. பேப்பர் கிழியற அளவுக்கு போனா மூடி வச்சிட்டு மறுநாள் எடுங்க. இடைவெளி விட்டு படிக்கறது ஒரே மூச்சுல படிக்கறதை விட நல்லா மனசுல நிக்கும்னு ஹெர்மன் எபிங்ஹாஸ்ங்கற ஜெர்மன் உளவியலாளர் 1885லயே தன்னையே சோதிச்சு பாத்து எழுதியிருக்கார்.

அமைதி விரும்பி:
மேல சொன்னது நல்லா தான் இருக்கு, ஆனா எல்லா பிள்ளைக்கும் ஒத்து வராதுங்க. என் பொண்ணுக்கு எப்ப முடியும்னு தெரியலன்னா பதட்டமாயிடும். அதனால நாங்க டைமர் வைக்கிறோம், ஆரம்பிக்கறதுக்கு இல்ல, முடிக்கறதுக்கு மட்டும். மணி அடிச்சா பாதி கணக்குல இருந்தாலும் பென்சிலை கீழ வச்சிடலாம், இதுல நான் பேச்சு மாறவே மாட்டேன், அந்த நம்பிக்கையில தான் அவ உக்காரவே செய்யறா.

கடிகாரம் கண்டிப்பா வேணும்னா அது தூக்கத்துக்கு தாங்க. அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016ல சொன்னபடி 6லேர்ந்து 12 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூங்கணும். ராத்திரி லேட்டா படுத்துட்டு காலைல வகுத்தல் போடுன்னா எந்தப் பிள்ளையும் அழத்தான் செய்யும்.

டீனேஜ் பையன் அப்பா:
மணிக்கணக்கு கேட்டீங்கல்ல, என் அனுபவத்துல 6 வயசுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தாராளம், 9 வயசுக்கு ரெண்டு ரெண்டரை. கம்மியா இருக்கேன்னு பயப்படாதீங்க, பக்கத்துல உக்காந்து ஒரு பிள்ளைக்கு சொல்லித்தரும்போது அட்டெண்டன்ஸ் எடுக்கறது, மத்தவங்க முடிக்கற வரை காத்திருக்கறது எதுவும் கிடையாது. என் பையனுக்கு இப்போ 15, இந்த வயசுல உடம்போட கடிகாரமே பின்னால தள்ளிப் போயிடும், ராத்திரி தூக்கம் லேட்டா தான் வரும், அதனால அவனுக்கு கஷ்டமான பாடத்தை 11 மணிக்கு மேல தான் வச்சிருக்கோம். இன்னொண்ணு, சில இடங்கள்ல இத்தனை நாள் இத்தனை மணி படிச்சாங்கன்னு பதிவு கேப்பாங்க, உங்க பக்கம் சட்டம் என்னன்னு பாத்துட்டு தினமும் தேதி போட்டு ரெண்டு வரி எழுதி வைங்க.

மூணு வாண்டு அம்மா:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், கூடை ஐடியா எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, மணியை இன்னைக்கே அழிச்சிடறேன். பெரியவன் கணக்கை மட்டும் குட்டி மதியம் தூங்கும்போது வச்சுக்கலாமா? காலைல தான் மூளை நல்லா வேலை செய்யும்னு எல்லாரும் சொல்றாங்களே.

கூடை நிறைய புக்கு:
தாராளமா வச்சுக்கோங்கம்மா. புது கணக்கு சொல்லித்தர நீங்க முழுசா பக்கத்துல இருக்கணும், அது குட்டி தூங்கும்போது தான் முடியும். ஏற்கனவே தெரிஞ்ச கணக்குல நாலஞ்சு மட்டும் காலைல போட சொல்லுங்க, அதை அவனே பாத்துப்பான்.